ரெண்டு தட்டினா வா

அது கோணல் இல்லீங்க. இந்தப் புல்லு வெட்டற ஸ்லாஷரோட பிரேம் நேராத்தான் இருக்குது. நூல் புடிச்சுப் பாத்தாலுஞ் சரி, மட்டம் வெச்சுப் பாத்தாலுஞ் சரி, பழுது சொல்ல முடியாது. எடது பக்கம் ஒசந்து நிக்குது, வலது பக்கம் தாந்து கெடக்குது, அதைத்தான பாக்கறீங்க? கிட்ட வாங்க. ரெண்டு பக்கமும் அடியில ஒரு இரும்புப் பட்டை இருக்குதல்லங்க, தரையில இழுபட்டு வர்றது. அதுல வரிசையா நாலு ஓட்டை. எடது பட்டை மூணாவது ஓட்டையில மாட்டியிருக்குது. வலது பட்டை மொதல் ஓட்டையிலயே நிக்குது, அதுலயும் பின்னால ஒரு போல்ட் இல்ல. அவ்வளவுதான். ஸ்பேனர் எடுத்தா அஞ்சு நிமிஷத்து வேலை.

அஞ்சு நிமிஷத்து வேலைய ஏழு மாசமா ஏன் செய்யாமப் போட்டு வெச்சிருக்கீங்கன்னு நீங்க கேக்கல. கேக்காம இருக்கறது உங்க மரியாதை. ஆனா நீங்க வாங்கற பொருளு, தெரிஞ்சுதான் வாங்கோணும். நாளைக்கு வேற யாராச்சும் சொல்லி, அந்த ஆறுச்சாமி மறைச்சு வித்துப்போட்டான்னு நீங்க நெனைக்கக் கூடாது. அந்தக் கட்டல்ல உக்காருங்க. ருக்மணி, இவிங்களுக்கு மோரு கொண்டா.

வெளிய நிக்கற வண்டி உங்களதுதான? பதினெட்டு எச்.பி. எங்களதும் அதேதானுங்க. தென்னந்தோப்புக்கு அந்தக் குட்டி டிராக்டர்தான் தோது, மரத்துக்கு மரம் பூந்து வந்துரும். ஆனா பெரிய வண்டியில மாட்டற மாதிரி இதுல அலட்சியமா மாட்டக் கூடாது. கீழ ரெண்டு கை, மேல ஒரு கை. கீழ் கை ரெண்டும் ஸ்லாஷரத் தூக்கும். மேல் கை, டாப் லிங்க்குங்கறது, அது தூக்காது, புடிச்சுக்கும். அந்தப் பக்கம் இத்தனை கனம் இருக்குதல்ல, அது பின்னால சாயாம இழுத்துப் புடிச்சிட்டு இருக்கறது அது ஒன்னுதான். ஒரு பக்கம் திருகினா நீளும், எதுத்துத் திருகினா குறுகும். முன்பக்கம் அரை விரல் தாந்திருக்கற மாதிரி வெச்சீங்கன்னா புல்லு ஒரே வெட்டுல போயிரும். பின்பக்கம் தாந்துதுன்னா வெட்டின புல்லையே மறுக்கா மறுக்கா வெட்டும், எஞ்சின் மொனகும். இதெல்லாம் மயிலு சொல்லித்தான் எனக்கே தெரியும். மயிலுன்னா மயில்சாமி, என்ற தம்பி. என்னைவிட ஆறு வருசம் எளையவன்.

எங்கப்பன் போனப்பறம் ஆளுக்கு ஆறு ஏக்கர்னு பிரிச்சோம். கெணறு பொது, வண்டி நிறுத்தற சாளை பொது, டிராக்டர் பொது. கெணத்துக்கடவு மாமன் வந்து உக்காந்து தண்ணிக்கு முறை போட்ட மாதிரியே டிராக்டருக்கும் முறை போட்டாரு. திங்கள், செவ்வா, புதன் எனக்கு. வியாழன், வெள்ளி, சனி அவனுக்கு. ஞாயித்துக்கெழமை வண்டிக்கு லீவு, யாரும் தொடக்கூடாது. அவனுக்கு உழவு ஓட்டற ரொட்டவேட்டர், எனக்கு இந்த ஸ்லாஷர். முறை முடிஞ்சா மாட்டியிருக்கறதக் கழட்டிப்போட்டு, மொட்டை வண்டியாக் கொண்டாந்து சாளையில நிறுத்தோணும். அதுதான் பேச்சு. மாமன் சொன்னது இன்னும் என்ற காதுல இருக்குது. "எப்படி எடுத்தீங்களோ அப்படி உடோணும்டா, இல்லைன்னா ரெண்டு பேரும் இந்த வண்டியால அடிச்சுக்குவீங்க." அப்படித்தானுங்க சொன்னாரு.

அப்பெல்லாம் நாங்க நல்லாத்தான் இருந்தோம். மாட்டறதுக்கு ரெண்டு ஆளு வேணும் பாருங்க. ஒருத்தன் வண்டிய ரிவர்ஸ் எடுக்கோணும், ஒருத்தன் பின்னால நின்னு ஓட்டைக்கு ஓட்டை நேராப் பாத்துப் பின்னு சொருகோணும். எஞ்சின் சத்தத்துல வாயால சொல்றது காதுல உழுகாது. அதுக்காக மயிலு ஒரு கணக்கு வெச்சிருந்தான். ஒரு தட்டு தட்டினா நில்லு. ரெண்டு தட்டினா வா. அவன் ஸீட்டுல உக்காந்துக்குவான், நான் பின்னால நின்னு கை தட்டுவேன். என்ற முறைன்னாலும் அவன் வந்துருவான், அவன்ற முறைன்னாலும் நான் போயிருவேன். ஒரு நிமிஷத்துல மாட்டிருவோம். முறைங்கறதெல்லாம் சொந்தம், ஒறம்பரைக்குச் சொல்ற பேச்சுதான்.

அப்பறந்தான் அந்த சங்கதி நடந்துச்சு. மூணு வருசம் இருக்கும். ஒரு சனிக்கெழமை அவன் ரொட்டவேட்டரக் கழட்டாம அப்படியே உட்டுட்டுப் போயிட்டான். திங்கக்கெழமை காத்தால நான் வந்து பாக்கறேன், வண்டி பின்னால ரொட்டவேட்டர் அப்படியே நிக்குது. அவன் ஊட்டுல ஆளு இல்ல. சாவித்திரிக்கு, அவன் சம்சாரத்துக்கு, ராத்திரி கடுங்காய்ச்சல்னு பொள்ளாச்சிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கான். அது எனக்கு அப்பறந்தான் தெரியும். தெரிஞ்சிருந்தாலும் என்னங்க? கழட்டறதுக்கு எத்தன நேரம் ஆகும்? எனக்குக் கோவம் தலைக்கு ஏறிடுச்சு. ஒத்தை ஆளா நெம்பிக் கழட்டினேன். தள்ளினேன். அடி வயித்துல என்னமோ பிச்சுட்டுப் போச்சு. குடலிறக்கம்னு சொல்லி கோயமுத்தூர்ல ஆப்பரேசன் பண்ணினாங்க. குனியாதீங்க, கனம் தூக்காதீங்க, தூக்கினா மறுக்கா பிரிஞ்சுக்கும்னு டாக்டரு கண்டிசனாச் சொல்லிட்டாரு. இன்னைக்கும் என்னால ஒரு தேங்காயக் குனிஞ்சு எடுக்க முடியாது. அவனால வந்ததுதான? நான் பொய் சொல்லல.

ஆஸ்பத்திரிக்கு வந்தான். கட்டல் பக்கத்துல வந்து நின்னு, "அண்ணா"ன்னான். நான் செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டேன். மறுக்கா "அண்ணா, நாந்தானுங்ணா தப்புப் பண்ணிட்டேன்"னான். அப்ப சொன்னேனுங்க. என்ற வாயால சொன்னேன். "நீ என்கிட்டப் பேசோணும்னா நான் பொணமானப்பறம் வந்து பேசு." ரூமுல நாலு பேரு இருந்தாங்க. அவன் கொண்டாந்த ஆரஞ்சுப்பழப் பைய என்ற சம்சாரம் ருக்மணி கையில குடுத்துட்டுப் போயிட்டான்.

மோரு குடிங்க. உப்புப் பத்துமா?

ஊட்டுக்கு வந்து ரெண்டு மாசம் நான் வண்டியத் தொடல. மூணாம் மாசம் ஒரு திங்கக்கெழமை மெதுவாப் போயி சாளையத் தொறக்கறேன். ஸ்லாஷர் மாட்டி நிக்குது. என்ற ஸ்லாஷருங்க. மொட்டை வண்டியா நிக்க வேண்டிய எடத்துல என்ற ஸ்லாஷர மாட்டி, ஷாஃப்ட் போட்டு, செயின் இறுக்கி, பின்னு எல்லாம் சொருகி, கல்யாண வண்டியாட்டம் நிக்குது. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க. என்ற பொருள என்னைக் கேக்காம எடுத்திருக்கான். சரி, ஒரு தடவைன்னு உட்டேன். ஏறி ஓட்டிட்டுப் போயிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் சௌரியமாத்தான் இருந்துச்சு. குனிய வேண்டியதில்ல, தூக்க வேண்டியதில்ல. அது வேற விசயம். புதன்கெழமை ஓட்டி முடிச்சு, எறக்கி வெச்சுட்டு, பக்கத்துத் தோட்டத்து ஆளக் கூப்புட்டுக் கழட்டிப்போட்டு மொட்டை வண்டியா உட்டேன். நம்ம பேச்சுல நாம நிக்கோணுமல்லங்க.

அடுத்த திங்கள் போனா மறுக்கா மாட்டி நிக்குது. அதுக்கடுத்த திங்களும். வாராவாரம். அவன் ஞாயித்துக்கெழமை என்ற ஸ்லாஷர எடுத்து எங்கியோ ஓட்டறான், ஓட்டிட்டுக் கழட்டாமத் திமுரா உட்டுட்டுப் போறான், மொதல்ல ரொட்டவேட்டர உட்ட மாதிரின்னு எனக்குக் கண்டிப்பாத் தெரிஞ்சு போச்சு. அவன் தோப்புல புல்லு அப்படியே மொழங்கால் ஒசரம் நின்னுச்சு. அப்ப வேற யாருக்கோ ஓட்டறான். கையவிட்டுப் பிளேடத் தடவிப் பாத்தேன். பச்சை ஒட்டலை. தொடச்சு கிரீஸ் வெச்சிருந்துச்சு. திருடறவன் தொடச்சுத்தான வெப்பான்? ஒரு தடவை சாணை புடிச்சே வெச்சிருந்துச்சு. பாருங்க, அத்தனை ஓட்டியிருக்கான், சாணை புடிக்கற அளவுக்கு தேஞ்சு போயிருக்குதுன்னு நெனச்சேன்.

ருக்மணி சொன்னா. "ஏனுங்க, உங்களுக்காக மாட்டி வெக்கறாரோ என்னமோ"ன்னா. நான் எரிஞ்சு உழுந்தேன். எனக்காக மாட்டறவன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா? வாய் இல்லியா அவனுக்கு?

இப்ப நீங்க ஏன் கீழ பாக்கறீங்க? நீங்க நெனைக்கறது எனக்குத் தெரியுது. நான்தான பேசாதேன்னு சொன்னேன். ஆமாங்க, சொன்னேன். கோவத்துல சொன்னதையெல்லாம் ஒருத்தன் அப்படியே புடிச்சுக்குவானா? ரெண்டரை வருசமா?

மாமன் ஊட்டுக் கல்யாணத்துல ஒறம்பரை அத்தன பேரு முன்னால கேட்டுப்போட்டேன். "என்ற மிஷின திருட்டுத்தனமா வாடகைக்கு ஓட்டறானே, இது நாயமா?"ன்னு. பந்தியில எலை போட்டு உக்காந்திருந்தான். எந்திரிச்சு நின்னான். எல்லாரும் அவனையே பாக்கறாங்க. வாயத் தொறந்தான், என்னைப் பாத்தான், மூடிக்கிட்டான். தலையக் குனிஞ்சிட்டு நின்னான். குத்தம் இருக்கப் போயித்தான குனியறான்னு நான் சொன்னேன். அதையும் சத்தமாத்தான் சொன்னேன். சாவித்திரி எலையில கை கழுவிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. அவனும் போயிட்டான். சாப்புடவே இல்ல ரெண்டு பேரும்.

அப்படியும் அடுத்த திங்கள் ஸ்லாஷர் மாட்டித்தான் நின்னுச்சு. இத்தனைக்கப்பறமுமான்னு எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது.

அப்பத்தான் அந்த யோசனை வந்துச்சு. டாப் லிங்க் ரெண்டு இருந்துச்சுங்க எங்ககிட்ட. வண்டியோட வந்தது குட்டை, அது அவன்ற ரொட்டவேட்டருக்குச் சரியா இருக்கும். ஸ்லாஷருக்கு அது பத்தாது, நீளமா வேணும். வாராவாரம் திருகித் திருகி அளவு மாத்தறதுக்குப் பதிலா நான் நீளமா ஒன்னு வாங்கி வெச்சிருந்தேன். அது இல்லாம ஸ்லாஷர ஒழுங்கா மாட்ட முடியாது. போன தை மாசம், பொங்கல் கழிஞ்ச வாரம், புதன்கெழமை ஓட்டி முடிச்சதும் அந்த டாப் லிங்க்கக் கழட்டி ஊட்டுக்குள்ள கொண்டாந்து கட்டலுக்கு அடியில காலாலயே தள்ளி உட்டுட்டேன். இனி எப்படி ஓட்டுவான்னு பாக்கறேன்னு ருக்மணிகிட்டச் சொன்னேன். சொல்லறப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சுங்க. மறைக்கல. சிரிச்சேன்.

இதோட ஒன்னு சொல்லோணும். மழைக் காலத்துல சொட்டுநீர் டியூபெல்லாம் சுருட்டி வெச்சிருவேன். டியூப் இல்லாதப்ப ஸ்லாஷர அடியில, மொதல் ஓட்டையில வெச்சு ஒட்ட வெட்டிக்கலாம். டியூப் தரையில கெடக்கறப்ப மூணாவது ஓட்டைக்கு மாத்தோணும், இல்லைன்னா பிளேடு டியூபச் சிதைச்சுப்போடும். அந்த வாரம் வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் ஆளு வெச்சு டியூபெல்லாம் இழுத்துப் போட்டேன். அவன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டு இருந்தான். நானும் அவனைப் பாத்தேன். அவன் தோப்புல டியூபே கெடையாதுங்க. வாய்க்கால் பாசனம். அதையும் ஞாபகம் வெச்சுக்குங்க.

ஞாயித்துக்கெழமை காத்தால. ஏழு, ஏழரை இருக்கும். நான் உள்ள காப்பி குடிச்சிட்டு இருக்கறேன். சாளைப் பக்கம் வண்டி ஸ்டார்ட் ஆகற சத்தம் கேட்டுச்சு. லீவு நாளு. தொடக்கூடாத நாளு. பாத்தியான்னு ருக்மணியப் பாத்தேன். அப்பறம் அது நின்னுபோச்சு. சித்த நேரத்துல வேலிப் பக்கம் கை தட்டற சத்தம். ரெண்டு தட்டு. அப்பறம் மறுக்கா ரெண்டு தட்டு.

காக்கா ஓட்டறான்னு நெனச்சேன்.

இல்லீங்க. நெனைக்கல. எல்லார்த்துகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். போலீசு வந்து எழுதறப்பவும் ஒன்னும் கேக்கலைன்னுதான் சொன்னேன். தெரிஞ்சுதுங்க எனக்கு. மொதல் தட்டுலயே தெரிஞ்சுது. அந்தத் தட்டு எனக்குத் தெரியாமப் போகுமா? "உங்க தம்பி கூப்புடறாருங்க"ன்னு ருக்மணி எந்திரிச்சா. "உக்காரு"ன்னேன். பேசாதேன்னு சொன்னதுக்கு ஒருத்தன் கையத் தட்டறான் பாருங்க. அந்தச் சொல்ல மீறாமயே கூப்புட்டிருக்கான். அப்ப எனக்கு அது உறைக்கல. டாப் லிங்க்கக் காணாமத் தேடறான், நல்லாத் தேடட்டும்னுதான் தோணுச்சு. மூணாந்தடவையும் தட்டினான். நான் காப்பிய ஆத்திட்டு இருந்தேன்.

அப்பறம் மறுக்கா எஞ்சின் சத்தம். சித்த ஏறுச்சு, எறங்குச்சு. அப்பறம் ஒரே மாதிரி ஓடிட்டே இருந்துச்சு. அரை மணி நேரம். முக்கா மணி நேரம். பொது வண்டி, சும்மா நின்னு ஓடுது, டீசல் என்ன தண்ணியான்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இன்னைக்குக் கையுங் களவுமாப் புடிச்சுக் கேட்டுப்போடறதுன்னுதான் எந்திரிச்சுப் போனேன். சத்தம் போட்டுட்டேதான் போனேன். சாளைக்குள்ள போற வரைக்கும் திட்டிட்டேதான் போனேன். என்னென்ன சொன்னேன்னு இப்பவும் எனக்கு ஞாபகம் இருக்குது.

அந்தக் குட்டை டாப் லிங்க்கப் போட்டு மாட்டியிருக்கான். நீளம் பத்தலைன்னு திருகித் திருகி மரையோட கடைசிக்கே கொண்டு போயிட்டான். நாலு சுத்து மரை புடிச்சிருந்தாப் பெருசு. தூக்கறப்ப நின்னிருக்குது. தூக்கி நிறுத்திட்டு, எறங்கி வந்து, எடது பட்டைய மூணாவது ஓட்டைக்கு மாத்தி இறுக்கிட்டான். அப்பறம் வலது பக்கம் வந்து, பின்னால இருக்கற போல்ட்டக் கழட்டறதுக்கு நெஞ்சு வரைக்கும் அடியில பூந்திருக்கான். அந்நேரம் மரை வழுக்கிடுச்சு. பின்பக்கம் அப்படியே உழுந்துருச்சு. நெஞ்சு மேல.

அடியில ஒரு கட்டை வெச்சிருக்கோணும். ஒரே ஒரு கட்டை. எத்தன தடவை சொல்லியிருக்கறேன்! நம்ம பக்கம் கட்டைக்கா பஞ்சம்? சுத்தியும் தென்னை மட்டை, தென்னந்துண்டு. தப்பு அவன் மேலதானுங்க, அவனுக்குத் தெரியாத வேலையா? அத்தன தெரிஞ்சவன் எப்படி... கட்டை வெச்சிருந்தா ஒன்னும் ஆகியிருக்காது. நான் போயிருந்தா நான் வெச்சிருப்பேன். நான் எப்பவும் வெப்பேன்.

தூக்கறதுக்குக் குனிஞ்சேன். என்னால முடியலைங்க. கத்தினேன். மயிலு, மயிலுன்னு கத்தினேன். பேசிட்டே இருந்தேன் அவங்கிட்ட, ஆளுக வர்ற வரைக்கும். ரெண்டரை வருசமாப் பேசாததையெல்லாம். நான் பொணமானப்பறம் வந்து பேசுன்னு அவனச் சொன்னவன் நான். கடைசியில நான்தான் பொணத்துகிட்டப் பேசிட்டு நின்னேன். கை, மொகமெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சு அவனுக்கு. எஞ்சின் மட்டும் ஓடிட்டு இருக்குது.

குளிப்பாட்டறப்ப வலது கை மூடியே இருந்துச்சு. நான்தான் விரல ஒவ்வொன்னாப் பிரிச்சேன். உள்ள போல்ட்.

எல்லாச் சடங்கும் நானே முன்ன நின்னு செஞ்சேனுங்க. ஒரு கொறை வெக்கல. பதினாறாம் நாள் கும்புட்டு முடிச்சு எல்லாரும் கெளம்பினப்பறம் சாவித்திரி என்ற முன்னால வந்து நின்னுச்சு. அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசல. அழுகவும் இல்ல. "அந்தப் பெரிய டாப் லிங்க் எங்கீங்க மாமா?"ன்னு கேட்டுச்சு. ஒரே கேள்வி. தெரியலையம்மான்னுட்டேன். சாளையிலதான் எங்கியாச்சும் இருக்கும்னு வேற சொன்னேன். ருக்மணி பக்கத்துல நின்னுட்டு இருக்கறா. அன்னைக்கிருந்து அவ அந்த ரூமுல படுக்கறதில்ல. அந்தக் கட்டலுக்குக் கிட்டயே வர்றதில்ல. கூட்டறதும் இல்ல.

சத்தமாப் பேசாதீங்க. உள்ளதான் இருக்கறா.

வண்டிய சாவித்திரியே வெச்சுக்கட்டும்னு சொல்லியனுப்பிட்டேன். பெரிய மனசு பண்ணித்தான் குடுத்தேன். அது வாங்கிக்கவும் இல்ல, வேண்டாங்கவும் இல்ல. சாளையில அப்படியே நிக்குது. போன வாரம் வேலியோரம் பாத்தேன், என்ன சாவித்திரி, சௌக்கியமான்னேன். மொகத்தத் திருப்பிட்டுப் போகுது. நானும் எத்தன தடவைதான் வலியப் போயிப் பேசறது? எத்தன நாளைக்குத்தான் ஒருத்தர் பேசாம இருப்பாங்க?

சரி உடுங்க. பொருளுக்கு வாங்க. ஆளுக வந்து தூக்கி எடுத்து இங்க கொண்டாந்து போட்டதுல இருந்து இப்படியேதான் கெடக்குது. மூணு பேரு வந்து பாத்துட்டாங்க உங்களுக்கு முன்னால. மூணு பேரும் ஏன் கோணலா நிக்குதுன்னு கேட்டாங்க. பழுதுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன். உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, நீங்க உள்ள வந்ததும் கையவிட்டு அந்த மூணாவது ஓட்டையத் தடவினீங்க. உங்க தோப்புல டியூப் இருக்குதுதான? இருக்குமல்ல. தெரிஞ்சுது.

இதை இங்க கொண்டாந்து போட்ட மொதல் நாள் சாயங்காலம் நானே வாசல் திட்டாணி மேல உக்காந்து யோசிச்சேன். அவனுக்கு எதுக்கு மூணாவது ஓட்டை? அவன் தோப்புல டியூப் இல்ல. வாடகைக்கு ஓட்டறவனுக்கு எதுக்கு மூணாவது ஓட்டை? எண்ணறதுல தப்பிட்டான் போலன்னு ஒருக்கா சமாதானம் பண்ணிப் பாத்தேன். எண்ணறதுல அவன் தப்ப மாட்டான். என்ற டியூபுக்காகத்தான் மாத்தியிருக்கான். நான் குனியக் கூடாதுன்னுதான் வாராவாரம் மாட்டி வெச்சிருக்கான். ருக்மணி சொன்னப்பவே எனக்கு அது தெரிஞ்சுதான் இருக்கோணும். தெரிஞ்சே எரிஞ்சு உழுந்திருக்கறேன். எனக்கு அவன் வேணும்ங்க. எந்த ஞாயித்துக்கெழமையாச்சும் நான் எந்திரிச்சுப் போயி சாளைய எட்டிப் பாத்திருந்தாப் போதும்.

விலை புரோக்கரு சொன்னதுதான், கூட்டிக் கொறைக்க வேண்டாம். ஆனா ஒரு உபகாரம் பண்ணோணும் நீங்க. அந்தப் பக்கத்துப் பட்டையையும் மூணாவது ஓட்டைக்கு மாத்திட்டுத்தான் கொண்டு போகோணும். பாதியில உட்டுக் கெடக்குது. போல்ட் இந்தாங்க, சட்டை ஜோப்புலதான் வெச்சிருக்கறேன், எப்பவும் இங்கதான் இருக்கும். துரு ஏறல, தெனமும் தொடைக்கறேன். மொதல்ல அந்தக் கட்டைய அடியில தள்ளுங்க. இன்னொரு கட்டையும். ஆ, இப்ப கைய உடுங்க. நல்லா இறுக்குங்க. ஆச்சா? மட்டமா நிக்குது பாருங்க. எத்தன நாளாச்சு இது மட்டமா நின்னு.

டாப் லிங்க் உள்ள கட்டலுக்கு அடியில இருக்குது. போயி நீங்களே எடுத்துட்டு வாங்க. நான் குனியக் கூடாது. ருக்மணி இருந்தா ஒன்னும் கேக்க மாட்டா, நீங்க பாட்டுக்கு எடுங்க.

கொண்டாந்துட்டீங்களா? தூசியத் தொடைங்க. சரி, வெளிய போயி வண்டியில ஏறுங்க. ரிவர்ஸ்ல மெதுவா வாங்க. நான் பின்னால நின்னுக்கறேன், பின்னு மட்டும் சொருகறேன், அது கனம் இல்ல. ரெண்டு ஆளுக்கு ஒரு நிமிஷத்து வேலைங்க இது. எஞ்சின் சத்தத்துல நான் சொல்றது உங்களுக்குக் கேக்காது. கையத்தான் தட்டுவேன். ஒரு தட்டு தட்டினா நில்லுங்க. ரெண்டு தட்டினா வாங்க.

ரெண்டு தட்டினா வந்துரோணுங்க. யோசிக்கக் கூடாது. உடனே வந்துரோணும்.